டார்க் வெப்பில் தலை எண்ணுவது

தனி மென்பொருள் இருந்தால் மட்டுமே திறக்கும் மறைவான இணையப் பகுதியான டார்க் வெப்புக்குப் போகிறவர்களில் 80 சதவீதம் பேர் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்களைத் தேடுகிறவர்கள் என்று யாராவது எழுதும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தக் குற்றம் எத்தனை கொடியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் காரெத் ஓவன் 2014 டிசம்பரில் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் அது. பயனர் யாரென்று தெரியாதபடி இணையப் போக்குவரத்தைப் பல கணினிகள் வழியாகக் கடத்தும் டோர் வலைப்பின்னலில், அப்படிக் கடத்திவிடும் சுமார் 40 ரிலே சர்வர்களை ஆறு மாதம் ஓடவிட்டுப் பார்த்தார். டோருக்குள் மட்டுமே திறக்கும் ஓர் ஆனியன் தளத்தைத் திறக்க வேண்டுமானால், அதை அடையும் வழியை முதலில் ஒரு சர்வரிடம் கேட்க வேண்டும். அவர் எண்ணியது இந்தக் கேள்விகளைத்தான். கேட்டது மனிதனா, குற்றவாளிகளைத் தேடும் காவல்துறையின் நிரலா, தளத்தை முடக்க நினைப்பவரின் தாக்குதலா என்று கேள்வியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அடிக்கடி விழுந்து எழும் தளம் என்றால், ஒரே ஆளின் கணினி பல முறை கேட்கும். "கேள்விகள்" செய்தியில் "ஆட்கள்" ஆகிவிட்டன.

2013 ஆகஸ்டில் டோர் பயனர் வரைபடம் திடீரென்று செங்குத்தாக ஏறியது. பத்து லட்சத்தை ஒட்டி இருந்த எண், சில வாரங்களில் 50 லட்சத்தைத் தாண்டியது. அத்தனை மக்கள் வந்துவிடவில்லை. மெவேட் என்ற பாட்நெட், அதாவது உரிமையாளருக்குத் தெரியாமல் கணினிகளைக் கைப்பற்றி இயக்கும் தீநிரல் வலை, தான் பிடித்துவைத்திருந்த கணினிகளை டோருக்குள் இறக்கியிருந்தது.

அளக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. ஒரு பயனர் ஒரு நாளைக்குச் சுமார் பத்து முறை ரிலே பட்டியலைக் கேட்பார் என்று வைத்துக்கொண்டு, மொத்தக் கேள்விகளைப் பத்தால் வகுத்துத்தான் டோர் திட்டம் தினசரிப் பயனர்களை மதிப்பிட்டது. 2018-இல் ஆய்வாளர்கள் வேறு முறையில் அளந்தபோது தினமும் சுமார் 80 லட்சம் பேர் என்று வந்தது. முன்பு நம்பியதைப் போல நான்கு மடங்கு. ஆனியன் தளங்களுக்கான போக்குவரத்தோ, 2015 மதிப்பீட்டின்படி, டோரின் மொத்தத்தில் வெறும் 3.4 சதவீதம். இந்தப் புள்ளிவிவரத்துக்காக ஒவ்வொரு ரிலேயும் தன் எண்ணை வெளியிடும் முன், வேண்டுமென்றே கொஞ்சம் பிழையைக் கலந்துவிடுகிறது, எந்த ஒருவரின் தடமும் அதில் தனித்துத் தெரியக் கூடாது என்று. அந்த அக்கறைக்காகவே இந்த எண்களை நான் மதிக்கிறேன்.

2021-இல் பழைய 16 எழுத்து முகவரிகள் ஒழிந்தன. இப்போதைய 56 எழுத்து முகவரிகளில், முகவரியை முன்பே அறிந்திராவிட்டால், வழி சொல்லும் சர்வருக்கே எந்தத் தளம் என்று தெரியாது. ஓவன் எண்ணியதைப் போல எல்லாத் தளங்களையும் இனி யாரும் எண்ண முடியாது. ஆய்வாளர்களுக்கு அது இழப்புதான். ஆனால், தணிக்கை மிகுந்த நாட்டிலிருந்து ஒரு பத்திரிகையாளருக்கு ரகசியமாக ஆவணம் அனுப்புகிறவரும் அதே வழியில்தான் வருகிறார். அவருக்காக இந்த இழப்பை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.