சம்பளம் கனடாவிலிருந்து வந்தால் போதாது

‘கனடிய நிறுவனம் சம்பளம் தந்தால் போதும், எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்தாலும் அது கனடிய அனுபவம்தான்’ என்று சிலர் சொல்வது தவறு. கனடாவில் வேலை செய்தவர்களுக்கான குடியேற்ற வழியான கனடிய அனுபவப் பிரிவில் (Canadian Experience Class) நிரந்தர வதிவுரிமை கேட்பவர், விண்ணப்பத்துக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் குறைந்தது ஓராண்டு, அதாவது 1,560 மணிநேரம், திறன்சார் வேலையை உரிய அனுமதியோடு கனடாவில் இருந்தபடியே செய்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் டொராண்டோ முகவரி இருக்கலாம். ஆனால் நடுவில் நான்கு மாதம் வேறு நாட்டில் இருந்து வேலை செய்திருந்தால், அதைக் கடவுச்சீட்டு முத்திரை சொல்லிவிடும். அந்த மாதங்கள் கணக்கில் வராது.

நிரந்தர வதிவுரிமை கார்டு கைக்கு வந்துவிட்டால் கவலையில்லை என்பதும் அரைகுறைப் பேச்சு. அந்த உரிமையைத் தக்கவைக்க 5 ஆண்டுகளில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். கனடிய நிறுவனமே முழுநேரப் பணிக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினால் சில நிபந்தனைகளோடு அந்த நாட்களும் சேரும். நாமாக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் சேராது.