பக்கேஜில் எழுதாதது

கிட்னி மாற்றச் சென்னைக்குப் போகப் போகிறோம் என்று என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை லட்சம் முடிஞ்சது?" என்றுதான். அதை வைத்தியசாலைக்காரரே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள், பக்கேஜ் என்று ஒரு தொகை. ஒப்பரேஷன், கட்டில், டொக்டர் எல்லாம் அதில் அடங்கும். ஒரு புருஷனும் பெண்சாதியும் தெரியாத ஊரில் மாதக்கணக்கில் சமைத்து, துவைத்து, காத்துக்கிடந்து சீவிப்பது அடங்காது.

எங்கள் கதையில் நோயாளி இவர், கிட்னி கொடுத்தது நான். கண்டியிலும் கொழும்பிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே செய்கிறார்கள், ஆனால் முறை வருமட்டும் பொறுக்க இவரின் உடம்பு விடவில்லை, அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டோம்.

போய் இறங்கி அடுத்த கிழமையே ஒப்பரேஷன் என்று ஊரில் நினைக்கிறார்கள். இல்லை. வெளிநாட்டவர் என்றால், கொடுப்பது சொந்த மனைவியாக இருந்தாலும் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். தூதரகத்தின் உறவுச் சான்றிதழ், விவாகப் பதிவு, கலியாணப் படங்கள், கடைசியில் வீடியோ ஓட ஒரு நேர்காணல். யாரும் வற்புறுத்தினார்களா, காசு தந்தார்களா என்று கேட்டார்கள். எனக்கு அதில் கோபமில்லை. சென்னையில் வில்லிவாக்கம் என்ற இடத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது, ஏழைகளின் கிட்னியை வைத்து அப்படி வியாபாரம் நடந்ததால்தான் 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டமே வந்தது. நல்லாய்க் கேட்கட்டும். ஆனால் கேட்டு முடியுமட்டும் வாடகையும் டயாலிசிஸ் செலவும் ஏறிக்கொண்டே போகும், அதை முன்கூட்டி ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

டயாலிசிஸ் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம். மிச்ச நேரமெல்லாம் அறையும் அடுப்பும்தான். பொட்டாசியம் கூடக்கூடாது என்பதால் மரக்கறியைச் சின்னதாக வெட்டி, அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்க வேண்டும், முருங்கையிலை, வாழைப்பழம், இளநீர் ஒன்றும் ஆகாது. சென்னை மே மாத வெயிலில் ஒரு மனிதனுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது இருக்கிறதே, அந்த எரிச்சலில் அவர் என்னோடு சண்டை பிடிப்பார், நானும் விடமாட்டேன், பக்கத்து அறை வங்கதேசத்து அக்கா சுவரில் தட்டுவா. (அவவின் அறையிலும் இதே சண்டைதான், பாஷைதான் வேறு.) இந்திய ரூபாய் ஒன்றுக்கு எங்கள் காசு கிட்டத்தட்ட மூன்றரை. 15 ரூபாய்த் தேத்தண்ணியை மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுக் குடிக்காமலே திரும்பிய பின்னேரங்கள் உண்டு.

சரி, அனுமதி வந்து ஒப்பரேஷனும் ஆனது. ஃபோமில் 'நோயாளியுடன் இருப்பவர்' என்ற இடத்தில் என் பெயர். நானோ அடுத்த தியேட்டரில். இதைத்தான் ஒருவரும் யோசிப்பதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது எனக்குச் சொன்னது, ஆறு கிழமைக்குப் பாரம் தூக்காதே. இவருக்கோ எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்து வைத்திருப்பதால் கடைத்தெரு, கூட்டம் எதுவும் கூடாது, 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நேரம் பிசகாமல் குளிசை, அந்த மருந்து இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று அடிக்கடி சோதனை. அங்கே குடிக்கிற தண்ணீர் 20 லிட்டர் கேனில் வரும், பொடியன் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவான். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிரிப்பு வந்தது, சிரிக்கத் தையல் நொந்தது. அப்புறம் தங்கைக்கு டிக்கெட் போட்டு வரவழைத்தோம், கடன் வாங்கித்தான்.

ஆகவே கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூன்றாவது ஆள் யார்? ஒப்பரேஷனுக்குப் பிறகும் கிட்டத்தட்ட மூன்று மாதம் வைத்தியசாலைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வார்கள், அவ்வளவு காலமும் கூட நிற்கப் போவது யார்?

இவரின் அண்ணாவின் இரத்த வகையும் பொருந்தத்தான் செய்தது. குடும்பமாகக் கூடிக் கதைத்தபோது அவருக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார்கள். எனக்கு என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் விரும்பித்தான் கொடுத்தேன், வீடியோவிலும் அதைத்தான் சொன்னேன், பொய்யில்லை. உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான் என்பதும் பொய்யில்லை. கிட்னி கொடுக்க வேலை விடாத அண்ணாமார், தம்பிமார் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்கள். லீவு போடச் சொல்லி அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர்க் கேனாவது தூக்கட்டும்.