நுரையீரலுக்குப் போனாலும் அது மார்பக கேன்சர்தான்

ரத்தம் அங்க போறதாலதான் மார்பக கேன்சர் நுரையீரலுக்குப் பரவுதுன்னு உங்க கட்டுரைல போட்டிருக்கீங்க, அது பாதிதாங்க. உடம்பு ரத்தம் ஹார்ட் வழியா நுரையீரலோட ரொம்ப மெல்லிசான குழாய்களுக்குத்தான் போகுது, கட்டியில இருந்து பிரிஞ்ச செல்லு அங்க சிக்கிக்கும் சரி, ஆனா சிக்குறதுல பெரும்பாலும் செத்துரும், மிச்சம் உள்ளதும் ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் சுத்தி ஒட்டிக்கிட்டு நோய் எதிர்ப்பு செல்லுங்ககிட்ட மாட்டாம தப்பிச்சு, குழாய்ச் சுவரைத் தாண்டி உள்ள போயி, அந்த இடமும் ஒத்துவந்தாதான் வளரும். செல்லு விதை, போய்ச் சேர்ற இடம் மண்ணு மாதிரின்னு இங்கிலாந்து டாக்டர் ஸ்டீபன் பேஜெட் 1889லயே எழுதிட்டார்.

எங்க களியக்காவிளை பக்கத்துல இருந்து திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு நிறைய பேரு போறாங்க. மார்புல இருந்து நுரையீரலுக்குப் போனதும் ரெண்டாவதா புது கேன்சர் வந்துட்டுன்னு வீட்டுல எல்லாரும் உடைஞ்சு போயிருவாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும். புதுசு இல்லங்க, அதே மார்பக செல்லுதான், மருந்தும் அதுக்கு உள்ளதுதான் குடுப்பாங்க. தயவுசெஞ்சு இதையும் கட்டுரைல சேருங்க.