பீஸ் எத்தனைங்க, சம்பந்தி?

இங்கிலாந்தில், நார்விச்சில் எங்கள் வீட்டுத் தோட்டக் கோடியில் ஒரு மரக் கொட்டகை இருக்கிறது. என் அப்பா சண்முகம் முப்பது வருடம் கணக்கு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர். பெற்ற மறுவாரமே இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற ஒரு பழைய மைஃபோர்டு கம்பெனி லேத்தை வாங்கி அதில் போட்டுக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டார். மாமனார் பழனிச்சாமி கோயம்புத்தூர்க்காரர். பதினாறு வயதில் லேத் முன்னால் நின்றவர், பம்ப்செட் சாமான் கடைந்து கடைந்தே என் மனைவியைப் படிக்க வைத்தவர். பேரனைப் பார்க்க வந்தவருக்கு மூன்றாம் நாளே வீட்டுக்குள் கை அரிக்க ஆரம்பித்து, "உங்க அப்பா பட்டறை வெச்சிருக்காராமே" என்று கேட்டுவிட்டார். நான் இரண்டு டம்ளர் காபியோடு வாசலில் நின்று கேட்டதைத்தான் எழுதுகிறேன். ஒருவர் அப்பா, ஒருவர் மாமனார் என்பதால் எந்த இடத்திலும் நான் சிரிக்கவில்லை.

பழனிச்சாமி: (உள்ளே கால் வைத்ததும் பலகை 'ணங்' என்று அமுங்குகிறது) தரை மரமுங்களா, சம்பந்தி?

சண்முகம்: ஆமாம், கதகதப்பாக இருக்கும். குளிர் ஊர் பாருங்கள்.

பழனிச்சாமி: லேத்தும் இது மேலதான் நிக்குதுங்களா?

சண்முகம்: வேறு எங்கே நிற்கும்?

பழனிச்சாமி: சரிங்க சரிங்க. சும்மாதான் கேட்டேன்.

(அப்பா போர்வையை விலக்குகிறார். பச்சை பாய்லர், சிவப்புச் சக்கரம், பக்கவாட்டில் பெரிய ஃப்ளைவீல். ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிற அளவு.)

பழனிச்சாமி: அடேங்கப்பா! நம்ம ஊர்ல ரோடு போடற ரோடு எஞ்சினைச் சலவைக்குப் போட்டுச் சுருங்கிப்போன மாதிரி இருக்குதுங்களே.

சண்முகம்: ரோடு எஞ்சினுக்கு இது அண்ணன். டிராக்‌ஷன் எஞ்சின். நீராவி டிராக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கதிரடிக்கும் மெஷினை இழுத்துக்கொண்டு வயல் வயலாகப் போகும், போன இடத்தில் நின்று அந்த மெஷினைப் பெல்ட் போட்டு ஓட்டவும் செய்யும். இது பர்ரெல் கம்பெனி எஞ்சினைப் பார்த்துச் செய்தது. பக்கத்தில் தெட்ஃபோர்டில்தான் கம்பெனி இருந்தது, 1928-ல் மூடிவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு கட்டடம் மியூசியம்.

பழனிச்சாமி: எங்க ஊருக்கு வர்ற ரோடு எஞ்சினுக்கு முன்னாடி, நெத்தியில, ஒரு பித்தளைக் குதிரை முன்னங்காலைத் தூக்கிட்டு நிக்குமுங்க. அதைத் தொடறதுக்காகவே பள்ளிக்கூடம் போகாம பின்னாடியே நடந்திருக்கேன். இதுல குதிரையைக் காணோமே?

சண்முகம்: அது ஏவ்லிங் அண்டு போர்ட்டர் கம்பெனி முத்திரை. ராச்செஸ்டர் ஊர்க்காரர்கள், அந்தக் குதிரை அவர்களுடைய கென்ட் மாவட்டத்துச் சின்னம்.

பழனிச்சாமி: அட, இத்தனை வருஷமா குதிரைசக்தி எவ்வளவுன்னு படம் போட்டுக் காட்டியிருக்கான்னு நினைச்சுட்டிருந்தேன். ஒரு குதிரைதானான்னு அப்பவே ஒரு வருத்தம். சரிங்க, பீஸ் எத்தனை?

சண்முகம்: என்ன பீஸ்?

பழனிச்சாமி: ஆர்டருங்க. இந்த மாதிரி எத்தனை பீஸ் போடறீங்க?

சண்முகம்: ஒரே பீஸ்தான்.

பழனிச்சாமி: ஓ, சாம்பிளா. பார்ட்டி யாருங்க?

சண்முகம்: நான்தான்.

பழனிச்சாமி: ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?

சண்முகம்: வருகிற தையோடு பதினோரு வருடம்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. எங்கோ ஒரு புறா.)

பழனிச்சாமி: பார்ட்டி தங்கமான மனுசனுங்க. பதினோரு வருஷமா டெலிவரி கேட்காம இருக்காரு பாருங்க.

சண்முகம்: சம்பந்தி, இது வியாபாரம் இல்லை. பொழுதுபோக்கு. ஒவ்வொரு போல்ட்டும் நான் கடைந்தது. நிஜ எஞ்சினில் ஓர் அடி இருந்தால் இதில் இரண்டு அங்குலம், அதாவது ஆறில் ஒரு பங்கு.

பழனிச்சாமி: எடையும் ஆறுல ஒண்ணா?

சண்முகம்: அங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள்! நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆறில் ஒன்றாகக் குறைகிறதல்லவா, அதனால் எடையை 216-ஆல் வகுக்க வேண்டும். பத்து டன் எஞ்சின் இதில் 46 கிலோதான் வரும்.

பழனிச்சாமி: (பின்சக்கரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்து) நாற்பத்தாறாங்க?

சண்முகம்: ...எழுபத்தொன்று. பாத்ரூம் தராசில் சக்கரம் சக்கரமாக வைத்துப் பார்த்தேன்.

பழனிச்சாமி: மீதி இருபத்தஞ்சு?

சண்முகம்: தகடு, போல்ட் எல்லாமே படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் தடிமனாகப் போட்டேன். பயம்தான்.

பழனிச்சாமி: இருபத்தஞ்சு கிலோ பயமுங்களா. தப்பில்லைங்க, உள்ள நீராவி இருக்குதே. எவ்வளவு பிரஷர்?

சண்முகம்: சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டு.

பழனிச்சாமி: நம்ம வீட்டுக் குக்கர் பதினஞ்சு. (ஓர் அடி பின்வாங்குகிறார்) அப்ப ஆறு ஏழு குக்கர் ஒண்ணாச் சேர்ந்து நிக்குதுன்னு சொல்லுங்க.

சண்முகம்: டெஸ்ட் ஆகிவிட்டது, பயப்படாதீர்கள். முதல் டெஸ்ட்டை ஓடப் போகிற பிரஷரைப் போல இரண்டு மடங்கில் வைப்பார்கள். இருநூறு பவுண்டு, ஆனால் நீராவியில் இல்லை, பச்சைத் தண்ணீரில். தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, அதனால் எங்கேயாவது விட்டுப்போனாலும் வெடிக்காது, ஒரு பீச்சு பீச்சிவிட்டு நின்றுவிடும். எனக்கு முதல் தடவை டெஸ்ட் பண்ண வந்தவர் கண்ணாடியில் பீச்சியது. இரண்டாம் தடவை சொட்டு இல்லை.

பழனிச்சாமி: செம்புல போட்டிருக்கீங்க. தகட்டு விளிம்பை இப்படி மடக்கறது லேசுப்பட்ட வேலையில்லைங்களே.

சண்முகம்: அதைக் கேட்காதீர்கள். நாலு தட்டு தட்டினால் செம்பு கல் மாதிரி இறுகிவிடுகிறது, அதற்கு மேல் தட்டினால் விரிசல். இரண்டு தகடு குப்பைக்குப் போன பிறகுதான் விஷயமே தெரிந்தது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுத்தால் செம்பு வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். டூல் ஸ்டீல் அப்படியே எதிர்மாறு, முக்கினால் இறுகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம்.

பழனிச்சாமி: திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையத்துல எந்தப் பாத்திரப் பட்டறையில கேட்டிருந்தாலும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொல்லியிருப்பாங்களே.

சண்முகம்: பாய்லருக்குத் தண்ணீர் போகிற வழியைப் பாருங்கள், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இஞ்செக்டர். பாய்லரிலிருந்து கொஞ்சம் நீராவி எடுத்து இந்தக் குறுகிய வாய் வழியாக விட்டால், அந்த வேகத்தில் தொட்டித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு அதே பாய்லருக்குள் போய் விழும். 1858-ல் ழிஃபார் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது.

பழனிச்சாமி: அது எப்படிங்க? பாய்லர் பிரஷரை எதிர்த்துப் பாய்லர் பிரஷரே தள்ளுமா?

சண்முகம்: தள்ளும். நீராவிக்கு இருக்கிற வேகம் தண்ணீருக்கு மாறி, அந்த வேகம் திரும்ப அழுத்தமாக...

பழனிச்சாமி: புரிஞ்சுதுங்க. மாப்பிள்ளைகிட்டயே கைமாத்து வாங்கி மாப்பிள்ளைக்கே தலைதீபாவளி மோதிரம் போடற மாதிரி.

(இந்த இடத்தில் என் விரலில் இருந்த மோதிரத்தை நான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.)

பழனிச்சாமி: எல்லாம் சரிங்க. இது எங்க போகும்?

சண்முகம்: பின்னால் ஒரு சின்ன வண்டி மாட்டி அதில் நான் உட்கார்ந்து ஓட்டலாம்.

பழனிச்சாமி: எங்கன்னு கேட்டேன்.

சண்முகம்: ...ரோஜாச்செடி வரைக்கும். அங்கே திரும்பி மறுபடி இங்கே.

பழனிச்சாமி: வேகம்?

சண்முகம்: வேகம் என்ன வேகம். 1865-ல் இந்த நாட்டில் சட்டமே போட்டார்கள், இந்த மாதிரி வண்டிகள் கிராமத்தில் மணிக்கு நாலு மைல், ஊருக்குள் இரண்டு மைல், அதற்கு மேல் போகக் கூடாது என்று. மூன்று ஆள் வேண்டும், அதில் ஒருவர் அறுபது கஜம் முன்னால் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். பேரனுக்குக் கொடி தைத்து வைத்திருக்கிறேன்.

பழனிச்சாமி: ரோஜாச்செடி இங்கிருந்து பன்னெண்டு கஜம்தானுங்க இருக்கும். அறுபது கஜம் முன்னாடி போனா பேரன் மூணாவது வீட்டுல நிப்பான்.

சண்முகம்: இதை வைத்துப் பந்தயமே விட்டிருக்கிறார்கள், தெரியுமா? 1950-ல் ஆப்பிள்ஃபோர்டில் இரண்டு பேர் ஒரு பீப்பாய் பியருக்காக இரண்டு பழைய எஞ்சினை வயலில் ஓட்டினார்கள். இரும்புக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த எஞ்சின்களையெல்லாம் ஜனங்கள் காப்பாற்ற ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

பழனிச்சாமி: அட, ரேக்ளா! அப்படிச் சொல்லுங்க. இப்பத்தான் எனக்கு விஷயமே பிடிபடுது. எங்கே, ஓட்டுங்க பார்க்கலாம்.

(நெருப்புப் போடவில்லை. கம்ப்ரசர் காற்றில் முதல் ஓட்டம். என் மகன் சிவப்புக் கொடியோடு முன்னால் நிறுத்தப்படுகிறான். அப்பா லீவரை முன்னே தள்ளி, வால்வைத் திறக்கிறார். 'சுக்... சுக்...' என்று வர வேண்டிய இடத்தில் புகைபோக்கியிலிருந்து 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று தாளிக்கிற சத்தம். ஃப்ளைவீல் யோசித்து, அரைச் சுற்றுச் சுற்றி, எஞ்சின் நிதானமாகப் பின்னால் போய் காபி டம்ளர் வைத்த ஸ்டூலை இடித்து நிற்கிறது.)

சண்முகம்: லீவர் முன்னால்தானே இருக்கிறது?

பழனிச்சாமி: கொடியைப் பின்பக்கம் நிறுத்தியிருந்தா சரியா இருந்திருக்குமுங்க.

சண்முகம்: சம்பந்தி...

பழனிச்சாமி: (குனிந்து கிராங்க் பக்கம் பார்த்து) இங்க வால்வை ஆட்டற எக்ஸென்ட்ரிக் ரெண்டு இருக்குதுங்களா, ஒண்ணு முன்னே போக, ஒண்ணு பின்னே போக? ராடு ரெண்டையும் இடம் மாத்திப் பூட்டியிருக்கீங்க. அரைமணி நேர வேலை. அது ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க.

சண்முகம்: எது பிரச்சினை?

பழனிச்சாமி: விடுங்க. காபி ஆறுது.

சண்முகம்: சொல்லுங்கள்.

பழனிச்சாமி: பொண்ணைக் கொடுத்த இடமுங்க. எப்படிச் சொல்றது?

சண்முகம்: கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. சும்மா சொல்லுங்கள்.

பழனிச்சாமி: அந்த 'ஸ்ஸ்' சத்தம் பிஸ்டனைத் தாண்டி வருது. அங்க தனியா ஒரு சிலிண்டர், மூடியைக் கழட்டி வெச்சிருந்தீங்களே, அது வேற வார்ப்பா?

சண்முகம்: அது முதலில் கெட்டுப்போனது. இதற்கு முன்னால் போட்டது.

பழனிச்சாமி: அதுல வந்ததும் விரலை விட்டுப் பார்த்தேனுங்க. உள் துவாரம் 36 மில்லிதானே? வாய்ப்பக்கம் 36 இருக்குது, அடிப்பக்கம் போகப் போகக் குறுகிட்டே போகுது. இதுவும் அதே லேத்துல போட்டதுதானுங்களே. (காபி டம்ளரை எடுத்துக் காட்டுகிறார்) நீங்க கடைஞ்சது சிலிண்டர் இல்லைங்க. இது.

(அப்பா டம்ளரைப் பார்க்கிறார். டம்ளர் வாய் அகன்று, அடி குறுகி, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.)

சண்முகம்: எதனால்?

பழனிச்சாமி: மரத் தரை, சம்பந்தி. ஒரு கால் அமுங்கினா லேத் பெட்டு முறுக்கிக்கும், முறுக்கினா டூல் நேரா போகாது. நாங்க ஒரு லேத்தை இறக்கினா முதல்ல காங்கிரீட் போட்டு, மட்டம் பார்த்து, அப்புறம்தான் பூசையே. நீங்க நல்லா கடைஞ்சிருக்கீங்க. உங்க தரை சரியில்லை, அவ்வளவுதான்.

(இப்படி ஒரு வார்த்தையை என் மாமனார் எனக்காக ஒருநாளும் யோசித்துச் சொன்னதில்லை.)

சண்முகம்: அப்படியானால் மூன்றாவது சிலிண்டர். மறுபடி ஒரு வருடம்.

பழனிச்சாமி: ஒண்ணு சொல்றேன். கல்யாண மண்டபத்துல நாலு தடவை கேட்டேன், சீர் என்ன செய்யணும்னு. பொண்ணை அனுப்புங்க போதும்னு சொல்லிட்டீங்க. எங்க சனத்துல இன்னைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டறாங்க, பழனிச்சாமி வெறுங்கையோட அனுப்பிட்டான்னு.

சண்முகம்: இப்போது கேட்கலாமா?

பழனிச்சாமி: கேளுங்க.

சண்முகம்: வார்ப்பிரும்பில் சிலிண்டர் ஒன்று.

பழனிச்சாமி: இவ்வளவுதானா! தலைதீபாவளிக்கே கேட்டிருந்தா வெள்ளித் தட்டுல வெச்சுக் கொடுத்திருப்பேனே. வார்க்கறதுக்கு மாதிரி அச்சு, அந்தப் பேட்டர்னை என்கிட்ட கொடுத்தனுப்புங்க. நமக்குத் தெரிஞ்ச ஃபவுண்டரி இருக்குது. வார்த்து, போரிங் போட்டு, ஹோனிங் பண்ணி, கண்ணாடி மாதிரி ஆக்கி, முறுக்கு டப்பாவோட சேர்த்து அனுப்பிடறேன்.

சண்முகம்: வார்த்து மட்டும் கொடுங்கள். போரிங் நான்தான் போடுவேன்.

பழனிச்சாமி: சம்பந்தி, எனக்கு அது கால் மணி நேரமுங்க.

சண்முகம்: அதனால்தான் வேண்டாம் என்கிறேன். பதினோரு வருடமாக எல்லாம் என் கையால் செய்தது. சிலிண்டரை நீங்கள் கடைந்தால் எஞ்சின் உங்களுடையதாகிவிடும்.

பழனிச்சாமி: (லேத்தைப் பார்க்கிறார். தரையை ஒருமுறை காலால் அமுக்கிப் பார்க்கிறார். அப்புறம் என்னைப் பார்க்கிறார்.) சரிங்க. அப்ப மூணு பீஸா வார்க்கச் சொல்லிடறேன்.