ஒரு படி நிச்சயம்

சென்ற மாதம் குடியாத்தத்தில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர் பெரிய தலைவர் அல்லர். அவருடைய பெயரும் கட்சியும் இங்கே வேண்டாம். கைத்தறிக் கூலியைப் பற்றிப் பேச வந்தவர், "தறியில் நெய்கிறவருக்குத்தான் கூலி, வீட்டில் உட்கார்ந்து நெசவு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிற மனைவிக்கும் மகளுக்கும் அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை" என்றார். அதுவரை யாரிடமோ கைபேசியில் பேசிக்கொண்டிருந்த, என் பக்கத்து நாற்காலி அம்மா, பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஆள்காட்டி விரலில் நூல் ஓடி ஓடிக் காய்த்த தடம் தெரிந்தது. அதற்குப் பிறகு மேடையில் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் அவர் தலையசைத்தபடி கேட்டார்.

மேடைப் பேச்சில் நம்பகத்தன்மை பிறக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கேட்பவர் தம் அனுபவத்தைக்கொண்டு சரிபார்க்கக்கூடிய ஒரு செய்தியைத் தலைவர் பிசகாமல் சொல்லிவிட்டால், சரிபார்க்க வழியில்லாத மற்றச் செய்திகளையும் அவர் சொன்னதற்காகவே நம்புவதற்குக் கூட்டம் தயாராகிவிடுகிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. உள்ளூர் நிர்வாகி எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டில் ஊரின் ஏரிப் பெயரும் தொழிலின் சொற்களும் இருந்தால், அந்த ஊர் மண்ணையே மிதித்திராதவரும் மண்ணின் மைந்தரைப் போலப் பேசிவிட முடியும். ஆகவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்தப் பேச்சால் பேசுபவருக்கு ஏதேனும் இழப்பு உண்டா?

1967 தேர்தலில் அண்ணா கொடுத்த வாக்குறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற அந்த வரியின் ஓசை நயத்தை எல்லோரும் பாராட்டுகிறோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது, ஆசையையும் உறுதியையும் அவர் தாமே பிரித்துக் காட்டியதுதான். ஆட்சிக்கு வந்தபின் ஒரு படி அரிசி முதலில் சென்னையிலும் கோவையிலும் மட்டும் கிடைத்தபோது, "நிச்சயம் என்றீர்களே, மற்ற ஊர்களுக்கு எங்கே?" என்று கேட்கும் அளவுகோலையும் அவரே மக்கள் கையில் கொடுத்திருந்தார். தம்மை அளக்கும் கோலைத் தாமே கொடுக்கிற பேச்சு எளிதில் மறக்கப்படுவதில்லை.

அடுக்குமொழியே அறியாத காமராசரை எங்கள் ஊர் வேறு காரணத்துக்காக நம்பியது. முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அவர் 1954இல் சட்டமன்றத்துக்குப் போனது குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றுதான். காங்கிரசை எதிர்த்து வந்த பெரியாரும் அண்ணாவும் அத்தேர்தலில் அவர் பக்கம் நின்றார்கள். "ஆகட்டும் பார்க்கலாம்" என்பதற்கு மேல் அவர் எளிதில் வாக்குக் கொடுக்க மாட்டார். கொடுத்த சொற்கள் குறைவாக இருந்ததால் காப்பாற்ற வேண்டியவையும் குறைவாக இருந்தன.

இன்று எங்கள் மாவட்டத்தில் இந்தச் சோதனைக்கு ஏற்ற பொருள் பாலாறு. ஆந்திரத்தில் தடுப்பணைகளை உயர்த்துகிறார்கள், 1892ஆம் ஆண்டு ஒப்பந்தம் மீறப்படுகிறது என்று முழங்கினால் வேலூரில் எந்த மேடையிலும் கைதட்டல் நிச்சயம். அந்தக் குறை நியாயமானதே. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே ஆற்றின் மணலை அள்ளியதும், தோல் தொழிற்சாலைக் கழிவை அதில் விட்டதும் நம் பக்கத்து வேலை. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தோல் தொழிலே சோறு போடுகிற ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ நின்று இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லி, தொழிலாளியின் பிழைப்புக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துச் சொல்கிற தலைவர் அன்றைக்கு வாக்கை இழக்கலாம். நான் அவரை நம்புவேன்.

கூட்டத்துக்குப் பிடிக்காததைக் கூட்டத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர்களில் பெரியாருக்கு நிகராக ஒருவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதை அவர் மேடைதோறும் சொன்னார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராய நகரில், உடல் வலியோடு, தம் கடைசிப் பேச்சைப் பேசினார். ஐந்து நாள் கழித்து எங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. தொண்ணூற்று நான்கு வயதில் அந்த நிலையிலும் மேடையேறியவரை, அவருடைய கருத்தை ஏற்காதவர்களும் பொய்யர் என்று சொல்லத் துணியவில்லை.

குடியாத்தம் கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா மேடையருகே போனார். "தார் சுத்துற கூலிய எந்தக் கணக்குல சேப்பீங்க தம்பி?" என்று கேட்டார். பேச்சாளர் சற்றுத் தயங்கி, "அது எனக்கே இன்னும் தெளிவாத் தெரியலம்மா, நெசவாளர் சங்கத்துல கேட்டுட்டு அடுத்த கூட்டத்துல சொல்றேன்" என்றார். அம்மா விடவில்லை.

"அடுத்த கூட்டம் என்னிக்கு?"