தெரியாது என்று சொல்லத் தெரியாத சென்சார்

போன வாரம் ஒரு மாணவர் தன் ஆய்வுத் திட்டத்தைக் காட்டினார். காட்டுத்தீயைக் கண்டுபிடிக்க ஒரு கம்பியில்லா சென்சார் வலையமைப்பு, அது அனுப்பும் தரவை வைத்து முடிவெடுக்க ஒரு வல்லுநர் அமைப்பு, அதாவது வல்லுநரின் அறிவை விதிகளாக எழுதிவைத்த நிரல். விதிகளைக் கவனமாகவே எழுதியிருந்தார். வெப்பம் இந்த அளவைத் தாண்டி, ஈரப்பதம் இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. சிமுலேஷனில் வைத்த தீயை எல்லாம் அது பிடித்துவிட்டது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “பேட்டரி தீரப்போகும் நேரத்தில் உங்கள் சென்சார் என்ன எண்ணைக் கொடுக்கும்?”

அவரிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த இரண்டு துறைகளையும் இணைத்து வருகிற கட்டுரைகளில் நான் படித்த பலவும் அந்தக் கேள்வியின் பக்கமே போவதில்லை.

சரி, பதில் எங்கே இருக்கிறது? 2004-இல் பெர்க்லியில் இருந்த இன்டெல் ஆய்வகத்தில் 54 சென்சார் நோடுகளை (சென்சாரும் பேட்டரியும் ரேடியோவும் சேர்ந்த சிறு கருவிகள்) பொருத்தி, பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம், பேட்டரி மின்னழுத்தம் நான்கையும் பதிவு செய்தார்கள். சுமார் 23 லட்சம் பதிவுகள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதைத் திறந்து, ஏதாவது ஒரு நோடின் கடைசி நாட்களுக்குப் போய்ப் பாருங்கள். வெப்பம் மெல்ல மெல்ல ஏறும். ஏறி ஏறி 122 டிகிரி செல்சியஸில் வந்து நிற்கும். ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறையில் 122 டிகிரி! பக்கத்திலேயே ஈரப்பதம் மைனஸ் நான்கு என்று இருக்கும். காற்றின் ஈரப்பதம் சுழியத்துக்குக் கீழே போகவே முடியாது. அதே வரியில் மின்னழுத்தத்தைப் பாருங்கள், 2 வோல்ட்டை ஒட்டி இருக்கும். நோடு சாகக் கிடக்கிறது. ஆனாலும் எண்ணை மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

இப்போது அந்த மாணவரின் விதியை இந்த வரியில் ஓட்டிப் பாருங்கள். வெப்பம் அதிகம், ஈரப்பதம் குறைவு. அப்படியானால் தீ!

இதைத்தான் நான் பல நாளாகச் சொல்லிவருகிறேன். சென்சார் வலையமைப்புக்கு வல்லுநர் அமைப்பு எழுதுகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது காட்டைப் பற்றிய விதி அல்ல, சென்சாரைப் பற்றிய விதி. எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்கிற அறிவு. அதுவும் வல்லுநர் அறிவுதான். அதை எழுதிவைக்காமல் மற்ற விதிகளை எவ்வளவு நுட்பமாகச் செதுக்கினாலும் பயனில்லை.

இந்த ஓட்டை எப்படி விழுந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின் என்ற வல்லுநர் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் பரவும் பாக்டீரியாத் தொற்றுக்கு எந்த மருந்து என்று சொல்ல நூற்றுக்கணக்கான விதிகள். அது கேள்வி கேட்கும், மருத்துவர் பதில் சொல்வார். “தெரியாது” என்று சொல்லலாம். எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதையும் எண்ணாகக் கொடுக்கலாம். “ஏன் இதைக் கேட்கிறாய்?” என்று திருப்பியும் கேட்கலாம். நோயாளிக்கும் நிரலுக்கும் நடுவே ஒரு மனிதர் இருந்தார். ஆய்வக முடிவு விபரீதமாக இருந்தால், அதை உள்ளே கொடுப்பதற்கு முன்பே அவர் புருவத்தைச் சுருக்கியிருப்பார். சென்சார் வலையமைப்பில் அந்த மனிதர் இல்லை. நாம் அவரை எடுத்துவிட்டோம், அவர் செய்துவந்த வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை.

வலையமைப்புக்காரர்களின் கவலை வேறு. பேட்டரி எத்தனை நாள் தாங்கும், செய்தி எத்தனை நோடுகளைத் தாண்டிப் போய்ச் சேரும் என்பதுதான். நியாயமான கவலைதான். நோடுகள் தரவை எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லும், 2000-இல் வந்த லீச் நெறிமுறையில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைமை நோடு. அந்தப் பொறுப்பு மாறி மாறி வரும். குழுவின் தரவைச் சுருக்கி ஒரே செய்தியாக அனுப்புவதால் மின்சாரம் மிச்சம். ஆனால் அந்தச் சுருக்கல் வெறும் சராசரியாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? பத்து நோடுகளில் ஒன்பது 22 டிகிரி சொல்கின்றன, செத்துக்கொண்டிருக்கும் ஒன்று 122 சொல்கிறது. சராசரி 32. யாருக்கும் சந்தேகம் வராத எண்! 122 என்று வந்திருந்தாலாவது யாராவது கவனித்திருப்பார்கள்.

எனக்கும் இந்தப் பாடம் அடிபட்டுத்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனைப் பாத்தியில் மண் ஈரம் பார்க்கும் நோடுகளை வைத்தோம். மண் காய்ந்தால் வால்வைத் திற என்று விதி. ஓர் இரவு ஒரு சென்சாரின் கம்பி கழன்றுவிட்டது. அந்த வகை சென்சாருக்குக் கம்பி கழன்றதும் ஒன்றுதான், மண் முழுக்கக் காய்ந்ததும் ஒன்றுதான். இரண்டிலும் மின்சாரம் பாயாது. விதி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. காலையில் போனால் பாத்தி குளமாகக் கிடந்தது. அன்றைக்கு நாங்கள் எழுதிய முதல் புது விதி இது: தண்ணீர் விட்டு அரை மணி நேரமாகியும் ஈரம் ஏறவில்லை என்றால் மண்ணைச் சந்தேகிக்காதே, சென்சாரைச் சந்தேகி, வால்வை மூடு, ஆளைக் கூப்பிடு. இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் பேராசிரியர் இல்லை. பேட்டரி மாற்றிவந்த டெக்னீஷியன். எந்தப் பெட்டிக்குள் தண்ணீர் புகும், எந்த நோடு வெயில் ஏறியதும் உளறும் என்று அவருக்கு அத்துப்படி. வல்லுநர் அமைப்பில் உள்ள ‘வல்லுநர்’ யார் என்று தேடும்போது நாம் ஏன் இவர்களிடம் போவதே இல்லை?

“இப்போது யார் விதி எழுதுகிறார்கள், தரவைக் கொடுத்தால் கணினியே கற்றுக்கொள்ளும்” என்பார்கள். கற்றுக்கொள்ளும், மறுக்கவில்லை. ஆனால் கம்பி கழன்ற இரவு பயிற்சித் தரவில் எத்தனை முறை வந்திருக்கும்? அப்புறம், விதி இருந்தால் ஏன் வால்வை மூடினாய் என்று கேட்டு உடனே பதில் வாங்கலாம். இதற்கு நினைவகத்தில் இடமும் அதிகம் வேண்டாம். ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கிய டெலோஸ்பி நோடில் இருப்பது 10 கிலோபைட் ராம். பெரிய விதி அமைப்புகள் வேகத்துக்காகப் பயன்படுத்தும் ரீட்டே வழிமுறை, பாதி பொருந்திய நிலைகளையும் நினைவகத்தில் சேர்த்துவைக்கும். அது இங்கே கட்டுப்படியாகாது. ஆனால் இருபது விதிகளை வரிசையாக ஓட்டிப் பார்க்க இந்த இடம் தாராளம். அந்த நோடில் ரேடியோ காதைத் திறந்து வைத்திருந்தாலே 19 மில்லிஆம்பியர் போகிறது. ப்ராசஸர் ஓடுவதற்கு 2 மில்லிஆம்பியர் போல்தான். சந்தேகப்படுகிற வேலையை நோடுக்குள்ளேயே முடித்துவிட்டு, எண்ணோடு சேர்த்து ‘இது நம்பத்தக்கதல்ல’ என்று ஒரு பிட் அனுப்பினால் போதும்.

எனக்கே இன்னும் பிடிபடாத இடம் ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்து நோடுகளோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாததை ஒதுக்கு என்பதுதான் எல்லாரும் முதலில் எழுதும் விதி. ஆனால் நிஜமாகவே தீப்பிடித்தால், முதலில் அதைப் பார்ப்பது ஒரே ஒரு நோடுதான். அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லும் நோடும் பழுதான நோடும் ஒரே மாதிரி தெரியும். மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா, வெப்பம் ஏறிய வேகம் தீயினுடையதா, பேட்டரி சாவினுடையதா என்று பார்த்துக் கொஞ்சம் பிரிக்கலாம். அதற்குள் அந்த நோடே எரிந்துபோனால்? திடீரென்று பேச்சை நிறுத்திய நோடின் மௌனத்தையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளும் விதியை எப்படி எழுதுவது என்று அந்த மாணவரும் நானும் இப்போது உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம். களத்தில் நோடு வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால், உங்களுடையது கடைசியாக என்ன எண்ணை அனுப்பிவிட்டு நின்றது என்று எழுதுங்கள்.