முதலாவது திருத்தத்தில் நாம் பேசாமல் விடும் பாதி

அரசமைப்புச் சட்டத்தின் முதலாவது திருத்தம் என்றதும் தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்வது செண்பகம் துரைராசன் வழக்கைத்தான். மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்கள் என்று அன்று எழுதப்பட்ட பட்டியல் சாதியினருக்கு 2, கிறித்தவரும் ஆங்கிலோ-இந்தியரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்த சென்னை அரசின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியாரும் மற்றவர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். இடஒதுக்கீட்டுக்கு இடம் தரும் 15(4) உட்பிரிவு பிறந்தது.

ஆனால் அதே மசோதாவுக்குள் சென்னை அரசு தோற்ற இன்னொரு வழக்கும் இருந்தது. ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் மாகாணத்துக்குள் நுழையக்கூடாது என்று அது விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 1950இல் ரத்து செய்திருந்தது. அதற்குப் பதிலாகத்தான் பொது ஒழுங்கு, அயல்நாட்டு நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவை பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் காரணங்களாக, அந்த வரம்புகளைச் சொல்லும் 19(2) உட்பிரிவில் நுழைந்தன. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களைக் காக்க 31ஏ, 31பி பிரிவுகளும், தன்னுள் சேர்த்த சட்டங்களை அடிப்படை உரிமைகளை மீறுவதாகச் சொல்லி நீதிமன்றம் ரத்து செய்ய முடியாதபடி அமைத்த ஒன்பதாவது அட்டவணையும் சேர, மூன்று வெவ்வேறு நியாயங்கள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு 1951 ஜூன் 18 அன்று சட்டமாயின.

பின்னாளில் ஜன சங்கத்தைத் தொடங்கிய சியாமா பிரசாத் முகர்ஜி போன்றோர் இந்தத் திருத்தத்தை எதிர்த்ததை இடஒதுக்கீட்டு வெறுப்பு என்று மட்டும் சுருக்கிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த தேர்தல் ஒன்றுகூட நடக்காத நிலையில், ஒரு தற்காலிக நாடாளுமன்றம் அடிப்படை உரிமைகளில் கைவைக்கலாமா என்ற கேள்வியும் அன்று எழுந்தது. அதில் நியாயம் இருந்ததாகவே நான் கருதுகிறேன். இருப்பினும் 15(4) காத்திருந்திருந்தால், அந்த ஆண்டே கல்லூரி வாசலில் நின்ற பிள்ளைகள் இடத்தை இழந்திருப்பார்கள். பேச்சுரிமை வரம்புகளுக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. நல்ல வேளையாக, எதிர்ப்பின் அழுத்தத்தால் தேர்வுக் குழுவில் ‘நியாயமான’ என்ற சொல் அந்த வரம்புகளுக்கு முன்னால் சேர்ந்தது. இன்று பேச்சுரிமை வழக்குகளில் வழக்கறிஞர்கள் பற்றிக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான்.

ஒன்பதாவது அட்டவணையில்தான் என் மனம் இன்னும் தடுமாறுகிறது. நிலச்சீர்திருத்தத்துக்காகத் திறந்த அந்தக் கதவு வழியே, அவசரநிலைக் காலத்தில், விசாரணையின்றிச் சிறையில் வைக்க இடம் தந்த மிசா சட்டம் உள்ளே போனது. 1994இல் 76ஆவது திருத்தத்தின் மூலம் தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டமும் 257ஏ என்ற எண்ணில் அதே கதவு வழியேதான் போனது. ஆகவே, அந்த அட்டவணையை ஆதரிக்கிறீர்களா என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்த வரிசை எண்ணைக் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.